யாளி கேட்டால் சிங்கம் வருகிறது

என் அண்ணன் மகள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இரண்டு வருடமாக ஒரு மாயக்கதை எழுதி வருகிறாள். அதன் நாயகி யாளி மேல் ஏறிச் சேர்வராயன் மலையைக் கடப்பவள். கதை முடியும் முன்பே அட்டைப்படத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எழுதுகிறவர்களுக்கு வருவது இயல்பு. பொங்கல் விடுமுறைக்கு வந்தவள் லேப்டாப்பை என் முன்னால் வைத்தாள்.

"சித்தப்பா, யாளின்னு கேட்டா சிங்கம் வருது. சரி, தும்பிக்கை இருக்கற சிங்கம்னு விளக்கிச் சொன்னா, சிங்கம் ஒரு பக்கம் யானை ஒரு பக்கம் நிக்குது. எந்த ஏஐ நல்லதுன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கே பணம் கட்டிக்கறேன்."

திரையில் இருந்த படம் அழகாகத்தான் இருந்தது. பனி மூடிய மலைமுகடு, பின்னாலிருந்து பொன்னொளி, பிடரி மயிர் இழை இழையாகத் தெரிகிறது. விலங்குக்கு வௌவால் இறக்கை முளைத்திருந்தது. முகத்தில் சீன டிராகனின் நீண்ட மீசை. நெற்றியில் கொம்பு. யாளியை யாளி என்று அடையாளம் சொல்லும் தும்பிக்கை மட்டும் இல்லை. கோயில் தூணில் சாய்ந்து வளர்ந்த எந்தப் பிள்ளையும் ஒரே பார்வையில் இது யாளி இல்லை என்று சொல்லிவிடும்.

ஒரு பெயரைச் சொல்லி அவளை அனுப்பியிருக்கலாம். ஆனால் கொஞ்சம் யோசித்தால், அவள் கேட்டதற்குள் இன்னொரு கேள்வி இருந்தது. டிராகன் கேட்டால் எல்லாக் கருவியும் டிராகன் தருகிறது. யாளி கேட்டால் மட்டும் ஏன் தடுமாறுகிறது? இரண்டுமே உலகத்தில் இல்லாத விலங்குகள்தானே? இதற்குப் பதில் தெரிந்தால் எந்தக் கருவி எதற்கு உதவும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

மிட்ஜர்னி, டால்-ஈ, ஸ்டேபிள் டிஃப்யூஷன், ஃப்ளக்ஸ் என்று பெயர்கள் பல. இவற்றில் பெரும்பாலானவற்றின் அடியில் ஓடுவது ஒரே யோசனை. வெள்ளைத் துணி அலசும் வாளியில் சொட்டு நீலம் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். விழுந்த இடத்தில் நீலம் நூல்போல இறங்கும், கிளை பிரியும், சற்று நேரத்தில் வாளி முழுக்க ஒரே வெளிர்நீலம். அதற்குப் பிறகு முதல் சொட்டு எங்கே விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு நொடிக்கும் அடுத்த நொடிக்கும் நடுவில் நீலம் எப்படிப் பரவியது என்பதைக் கற்றுக்கொண்டால், ஒரு நொடி மட்டும் பின்னோக்கிப் போவது சாத்தியம். அப்படி ஒவ்வொரு நொடியாகப் பின்னால் நடந்தால் முதல் சொட்டுக்கே போய்ச் சேரலாம்.

2015-இல் ஜாஷா சோல்-டிக்ஸ்டைனும் அவருடைய சகாக்களும் வெப்ப இயக்கவியலிலிருந்து இந்த யோசனையைக் கடன் வாங்கிப் படங்களுக்குப் பொருத்தினார்கள். ஒரு புகைப்படத்தை எடுத்து அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளிகளைத் தூவிக்கொண்டே போவது. மொட்டைமாடி ஆன்டெனா திரும்பிவிட்டால் தூர்தர்ஷனில் மழை பெய்யுமே, கடைசியில் படம் அப்படி ஆகிவிடும். நரம்பு வலைப்பின்னலுக்குக் கொடுக்கும் வேலை ஒன்றே ஒன்று: இந்தப் படத்தில் கலந்திருக்கும் புள்ளிகள் எவை என்று ஊகித்துச் சொல். 2020-இல் பெர்க்லியில் ஜோனதன் ஹோ, அஜய் ஜெயின், பீட்டர் அபீல் மூவரும் 1,000 படிகளில் இதைச் செய்து, தெளிவான படங்கள் கிடைக்கும் என்று காட்டினார்கள். பயிற்சி முடிந்த வலைப்பின்னலிடம் வெறும் மழைப்புள்ளிகளை மட்டும் கொடுத்தால், எந்தப் படத்திலிருந்தும் வராத அந்தப் புள்ளிகளுக்குள்ளும் ஒரு படம் ஒளிந்திருப்பதாக எண்ணி அது துடைக்கத் தொடங்குகிறது. சுண்ணாம்பு பெயர்ந்த சுவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கு அதில் முகங்கள் தெரியும். இங்கே அப்படித் தெரிந்த முகம் ஒவ்வொரு படியிலும் இன்னும் கொஞ்சம் துலங்கிக்கொண்டே வருகிறது.

எந்த முகத்தைத் தேடுவது என்று சொல்லத்தான் ப்ராம்ப்ட், அதாவது நாம் எழுதிக் கொடுக்கும் வாசகம். 2021 ஜனவரியில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட கிளிப் என்ற மாடல், இணையத்திலிருந்து எடுத்த 40 கோடிப் படங்களையும் அவற்றோடு இருந்த வாசகங்களையும் சேர்த்துப் பார்த்து, எந்த வாசகம் எந்தப் படத்துக்குப் பொருந்தும் என்று கற்றது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் முதல் பதிப்பில் சொற்களைப் படிக்கும் வேலை இதற்குத்தான். துடைக்கும் ஒவ்வொரு படியிலும் வலைப்பின்னல் இரண்டு முறை ஊகிக்கிறது. ஒருமுறை ப்ராம்ப்ட்டைப் பார்த்து, இன்னொரு முறை பார்க்காமல். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்கி அந்தத் திசையில் படத்தைத் தள்ளுகிறார்கள். எத்தனை மடங்கு பெருக்குவது என்பதை நாமே திருகலாம். ஸ்டேபிள் டிஃப்யூஷனில் வழக்கமான அளவு 7.5. மிகவும் குறைத்தால் படம் தன்போக்கில் போகும். மிகவும் கூட்டினால் நிறங்கள் கருகிப்போய்க் கோடுகள் முறுக்கிக்கொள்ளும்.

இன்னொரு உபாயமும் இல்லாமல் இது வீட்டுக் கணினிக்கு வந்திருக்காது. 512-க்கு 512 அளவுள்ள ஒரு வண்ணப் படத்தில் 7,86,432 எண்கள் இருக்கின்றன. மியூனிக் பல்கலைக்கழகத்தில் ராபின் ராம்பாக், பியோர்ன் ஒம்மர் உள்ளிட்ட குழு, படத்தை முதலில் 16,384 எண்களாகச் சுருக்கி, சுருங்கிய வடிவத்திலேயே புள்ளி துடைக்கும் வேலையை முடித்து, கடைசியில் விரித்துக்கொள்ளும் வழியைக் கொண்டுவந்தது. 48 மடங்கு குறைவு. அந்த வழியில் கட்டப்பட்ட ஸ்டேபிள் டிஃப்யூஷன் 2022 ஆகஸ்ட் 22 அன்று எல்லோரும் இறக்கிக்கொள்ளும்படி வெளிவந்தது. எங்கள் கதையில் பின்னால் நடந்ததெல்லாம் அந்த ஒரு நாளால்தான் சாத்தியமானது.

இப்போது டிராகனுக்கு வருவோம். ஸ்டேபிள் டிஃப்யூஷன் பயின்றது லயான்-5பி என்ற தொகுப்பின் பகுதிகளில். முழுத் தொகுப்பில் 585 கோடி இணைகள்: இணையப் பக்கங்களில் கிடந்த படம், அதோடு யாரோ எழுதிவைத்த ஒரு வரி. 1974-இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு வந்த நாளிலிருந்து நாவல் அட்டைகள், சீட்டு விளையாட்டுகள், வீடியோ கேம்கள் என்று அரை நூற்றாண்டாக ஓவியர்கள் டிராகன் வரைந்து குவித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் கீழும் டிராகன் என்று எழுதியிருக்கிறது, பெரும்பாலும் வரைந்தவர் பெயரோடு. ஆகவே டிராகன் என்றதும் இயந்திரம் கற்பனை செய்வதில்லை. பல்லாயிரம் பேர் செய்துவைத்த கற்பனையின் நடுப்புள்ளியைத் தேடிப் போகிறது. அந்தப் பொன்னொளியும் பனிமூட்டமும்கூட அப்படி வந்தவைதான். மாயக்கதைப் படம் என்றாலே எல்லாக் கருவியும் ஒரே மாதிரி அந்தி வெளிச்சத்தைப் பரப்புவதற்குக் காரணம், பலருடைய அந்தி வெளிச்சம் அதற்குள் கரைந்திருப்பது.

அவர்களில் ஒருவரைப் பெயர் சொல்லியே சுட்டலாம். கிரெக் ருட்கோவ்ஸ்கி போலந்துக்காரர். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கும் மேஜிக்: தி கேதரிங் சீட்டுகளுக்கும் வரைந்தவர். கனத்த மேகம், நெருப்பு, சிறிய மனிதன் முன்னால் பெரிய விலங்கு என்ற அமைப்பில் கைதேர்ந்தவர். 2022 செப்டம்பரில் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ வெளியிட்ட கட்டுரையின்படி, லெக்சிகா என்ற தேடுதளத்தில் இருந்த ப்ராம்ப்ட்டுகளில் அவர் பெயர் ஏறக்குறைய 93,000 முறை இருந்தது. பிக்காசோ, லியனார்டோ டா வின்சி பெயர்கள் ஒவ்வொன்றும் 2,000 முறையோ அதற்கும் குறைவாகவோதான். தன் பெயரைப் போட்டுத் தேடினால் தான் வரையாத படங்களே முன்னால் வந்துவிடுமோ என்று அந்த மனிதர் கவலைப்பட்டார். நியாயமான கவலை.

அதே ஆண்டு நவம்பரில் ஸ்டேபிள் டிஃப்யூஷனின் இரண்டாம் பதிப்பு வந்தபோது, அவர் பெயரை எழுதினாலும் பழைய பாணி வரவில்லை. அவர் படங்களைத் தேடித் தேடி நீக்கிவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. சொற்களைப் படிக்கும் பகுதியை மாற்றியிருந்தார்கள். பழைய கிளிப்புக்கு ருட்கோவ்ஸ்கி என்ற பெயர் அழுத்தமாகத் தெரிந்திருந்தது, புதியதற்கு அவ்வளவாகத் தெரியவில்லை. வரையும் கை எத்தனை தேர்ந்ததாக இருந்தாலும், வாசிக்கும் கண்ணுக்கு ஒரு சொல் தெரியாவிட்டால் அந்தச் சொல் குறிக்கும் பொருளே அந்த உலகத்தில் இல்லாமல் போகிறது. யாளியின் கதையும் இதுதான்.

யாளிக்குப் படங்கள் இல்லாமல் இல்லை. சங்கப் பாடல்களில் யானையை வேட்டையாடும் விலங்காக வருகிறது. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பம் புலிக்குகையில் வாயிலைச் சுற்றிலும் அதன் தலைகள்தான். நாயக்கர் காலத்து மண்டபங்களில் தூணுக்கு ஒன்றாக எழுந்து நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் எடுத்த புகைப்படங்கள் இணையத்தில் ஏராளம். அவற்றின் கீழே இருக்கும் வரிகள்தான் பிரச்சினை. பழைய கோயில் தூண், கற்சிங்கம், எங்கள் மதுரைப் பயணம் என்று இருக்கும். யாளி என்ற பெயரோடு இருப்பவை சொற்பம். அந்தச் சொற்பத்திலும் எல்லாமே கருங்கல். உயிரோடு, தோலோடு, காட்டில் நிற்கும் யாளியை யாரும் வரைந்து பெயரிட்டு வைத்ததில்லை என்றே சொல்லலாம்.

தமிழிலேயே எழுதிக் கேட்டால்? அண்ணன் மகளும் அதைச் செய்து பார்த்திருக்கிறாள். யாளி என்ற இரண்டெழுத்துச் சொல் கணினிக்குள் ய, கால், ள, கொக்கி என்று நான்கு குறிகளாகி, ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டாக 12 பைட்டுகள் ஆகிறது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் பழகிய கிளிப்புக்கு அவை பொருளில்லாத துண்டுகள். ஒரு ப்ராம்ப்ட்டுக்கு அது ஏற்றுக்கொள்ளும் மொத்தத் துண்டுகளே 77 என்பதால், தமிழில் ஒரு நீண்ட வாக்கியம் எழுதினால் பாதியிலேயே இடம் தீர்ந்துவிடும். சாட்ஜிபிடி, ஜெமினி போல மொழி மாடலோடு இணைந்த கருவிகளில் இந்தக் குறை இல்லை. அவை தமிழைப் புரிந்துகொண்டு, நாம் கேட்டதை விரித்து எழுதிக்கொண்டு வரைகின்றன.

ஆக, கருவிகளை ஒப்பிட வேண்டுமென்றால் படத்தின் பளபளப்பை வைத்து ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. இன்று எல்லாமே பளபளக்கின்றன. நம் சொல்லை எப்படி வாசிக்கிறது, யாருடைய ரசனைக்குப் பழக்கப்பட்டிருக்கிறது, உள்ளே நாம் எதையாவது சேர்க்க விடுமா என்பவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

ரசனையில் மிட்ஜர்னிக்கு நிகர் இல்லை என்று நினைக்கிறேன். டேவிட் ஹோல்ஸ் தலைமையில் ஒரு சிறிய குழு, வெளி முதலீடு வாங்காமல் நடத்துவது. 2022 ஜூலையில் டிஸ்கார்டு அரட்டை அறைகள் வழியாகப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஒரு ப்ராம்ப்ட்டுக்கு நான்கு படம் வரும், பிடித்ததைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், படங்களுக்கு மதிப்பெண்ணும் போடலாம். மக்கள் எதை விரும்புகிறார்கள் என்ற அந்தத் தகவல் மாடலைச் செதுக்கப் பயன்படுகிறது. அதனால்தான் இரண்டு சொல் எழுதினாலே கோட்டையும் நிலவும் வந்து நிற்கின்றன. அலங்காரத்தை எவ்வளவு சேர்ப்பது என்பதற்கு 0 முதல் 1,000 வரை ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள், வழக்கமான அளவு 100. அதைக் கூட்டக் கூட்ட நாம் சொன்னதிலிருந்து விலகி அழகை நோக்கிப் போகும்.

2022 ஆகஸ்டில் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் டிஜிட்டல் ஓவியப் பிரிவில் முதல் பரிசும் 300 டாலரும் வாங்கிய படம் மிட்ஜர்னியில் உருவானதுதான். வட்டமான பெரிய ஜன்னல், அதன் முன் பழங்கால உடையில் சில பெண்கள். அதை உருவாக்கிய ஜேசன் ஆலன் குறைந்தது 624 முறை ப்ராம்ப்ட்டை மாற்றி எழுதியதாகச் சொன்னார். ஓர் ஆண்டு கழித்து அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் அந்தப் படத்தைப் பதிவு செய்ய மறுத்தது. இயந்திரம் உருவாக்கிய பகுதிக்கு மனிதர் ஒருவர் படைப்புரிமை கோர முடியாது என்பது அதன் நிலை. அந்த 624 முறையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். மனதில் இருந்த படத்துக்கும் சொல்லில் கொண்டுவர முடிந்ததற்கும் நடுவே இருந்த தூரம் அது.

வாசிப்பில் பெரிய மாற்றம் 2022-இலேயே கூகுளின் இமேஜன் ஆய்வில் தெரிந்தது. படம் பார்த்தே அறியாத, வெறும் உரைநடையில் மட்டும் வளர்ந்த ஒரு மொழி மாடலிடம் ப்ராம்ப்ட்டைப் படிக்கக் கொடுத்தார்கள். வரையும் பகுதியைப் பெரிதாக்குவதைவிட வாசிக்கும் பகுதியைப் பெரிதாக்கியபோது பலன் அதிகமாக இருந்தது. அடுத்த ஆண்டு டால்-ஈ 3 இன்னொரு வழியைப் பிடித்தது. இணையத்தில் படங்களோடு இருக்கும் வரிகள் மோசமானவை என்று ஒப்புக்கொண்டு, படத்தை ஆற அமரப் பார்த்து நீண்ட விவரணை எழுதும் ஒரு மாடலைத் தனியாகத் தயார் செய்தார்கள். பயிற்சிக்குப் பயன்பட்ட வரிகளில் 95 சதவீதம் அப்படி எழுதப்பட்டவை. கேட்டதைக் கேட்டபடி வரையும் பண்பு அங்கிருந்துதான் வந்தது. 2025 மார்ச்சில் சாட்ஜிபிடிக்குள் வந்த ஜிபிடி-4ஓ பட வசதி புள்ளி துடைக்கும் வழியையே தாண்டி, மொழி மாடல் அடுத்தடுத்த சொல்லை எழுதுவதுபோலப் படத்தையும் துண்டு துண்டாக வரிசையில் எழுதுகிறது. படத்துக்குள் எழுத்தைப் பிழையில்லாமல் பொறிப்பதிலும், ஐந்தாறு பொருள்களை இடம் மாறாமல் வைப்பதிலும் அது முந்தியவற்றைவிட வெகுதூரம் முன்னேறியிருந்தது. வாழும் ஓவியர் ஒருவரின் பாணியில் வரை என்று கேட்டால் மறுத்துவிடும் ஏற்பாடும் அதில் இருக்கிறது.

தும்பிக்கை உள்ள சிங்கம் கேட்டபோது இரண்டு விலங்காக வந்தது ஏன் என்பதும் வாசிப்பில்தான் இருக்கிறது. படம் உருவாகும்போது அதன் ஒவ்வொரு சிறு கட்டமும் ப்ராம்ப்ட்டில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் பார்த்து, உனக்கும் எனக்கும் எவ்வளவு உறவு என்று ஓர் எண் போடுகிறது. தலை வரவேண்டிய இடத்தில் சிங்கமும் யானையும் சம உரிமை கொண்டாடுகின்றன. கிளிப் போன்ற வாசிப்பான்கள் வாக்கியத்தின் கட்டமைப்பைச் சரியாகப் பிடிப்பதில்லை. சொற்களை ஒரு பைக்குள் போட்டுக் குலுக்கியதுபோல வைத்திருக்கின்றன. எது எதன் மேல் ஒட்ட வேண்டும் என்பது கலங்கிவிடுகிறது. சிங்கமும் யானையும் ஒரே படத்தில் இருந்தால் அவை அடுத்தடுத்து நிற்பதைத்தான் இயந்திரம் எப்போதும் பார்த்திருக்கிறது. எனவே அந்த எளிய தீர்வுக்கே போய்விடுகிறது.

இறக்கை வேண்டாம் என்று எழுதினால் இறக்கை வருவதும் இந்த வகைதான். படத்தின் கீழே என்ன இருக்கிறது என்றுதான் மக்கள் எழுதுவார்கள், என்ன இல்லை என்று யாரும் எழுதுவதில்லை. ஸ்டேபிள் டிஃப்யூஷனில் இதற்கு நல்ல ஏற்பாடு உண்டு. ப்ராம்ப்ட் இல்லாமல் ஒருமுறை ஊகிக்கிறது என்று சொன்னேன் அல்லவா? அந்த வெற்றிடத்தில் இறக்கை என்ற சொல்லை வைத்துவிட்டால், படம் ஒவ்வொரு படியிலும் இறக்கையிலிருந்து விலகித் தள்ளப்படும். அவளுடைய சிங்கத்தின் வௌவால் இறக்கை அப்படித்தான் போயிற்று.

2025 முதல் வேறொரு சுலபமான வழியும் வந்துவிட்டது. ஜெமினியிலும் சாட்ஜிபிடியிலும் ஒரு புகைப்படத்தைக் கொடுத்து, இந்தச் சிற்பத்துக்கு உயிர் கொடு என்று கேட்கலாம். அப்படிப்பட்ட ஒரு கருவியில் நாங்கள் ஒரு தூண்யாளியின் படத்தைக் கொடுத்துப் பார்த்தோம். புகைப்படம் எடுத்த அதே கோணத்தில் அருமையாக வந்தது. பின்னாலிருந்து காட்டு என்றதும் திரும்பவும் வெறும் சிங்கமாகிவிட்டது. ஒரு கோணத்தை மட்டும் பார்த்தவருக்கு மற்ற கோணம் தெரியாதுதானே. ஒரே ஓர் அட்டைப்படம் போதுமென்றால் இதிலேயே வேலை முடிந்திருக்கும். அவளுக்கு அத்தியாயத்துக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் அதே யாளி.

அதனால் சேலத்திலிருந்து தாரமங்கலம் போனோம். கெட்டி முதலிகள் எழுப்பிய கைலாசநாதர் கோயில், முன்மண்டபத் தூண்களில் பாயும் குதிரைகளும் யாளிகளும். அனுமதி கேட்டுக்கொண்டு காலை வெயிலில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை என்று இருபது யாளிப் படங்கள் சேர்த்தாள். முன்னாலிருந்து, பக்கவாட்டில், தரையில் படுத்துக் கீழிருந்து மேலாக.

இருபது படத்தை வைத்துக்கொண்டு மாடலுக்குப் புது விலங்கைக் கற்பிக்கும் வழிக்கு லோரா என்று பெயர். 2021-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் மொழி மாடல்களுக்காகக் கண்டது. பிறகு படம் வரைகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கணக்கு எளிது. மாடலுக்குள் இருக்கும் ஓர் எண்ணட்டவணையில் 1,000 வரிசை, 1,000 பத்தி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 லட்சம் எண்கள். அத்தனையையும் திருத்துவதற்குப் பெரிய கணினி வேண்டும், இருபது படத்துக்காக மற்ற எல்லாவற்றையும் அது மறந்துவிடும் அபாயமும் உண்டு. மூல அட்டவணையைத் தொடாமல், 1,000-க்கு 8, 8-க்கு 1,000 என்று இரண்டு மெல்லிய பட்டைகளைப் பக்கத்தில் வைத்து, அவற்றைப் பெருக்கி வருவதை மூலத்தோடு கூட்டினால் திருத்த வேண்டியது 16,000 எண்கள் மட்டுமே. விளையாட்டுக்கு வாங்கிய கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியே போதும். மூல மாடலைத் திறந்து கொடுத்தவர்களால்தான் இதைச் செய்ய முடிகிறது. ஸ்டேபிள் டிஃப்யூஷனும், ராம்பாக்கும் அவருடைய பழைய சகாக்கள் சிலரும் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட ஃப்ளக்ஸும் இந்த வகை. ஃப்ளக்ஸில் 1,200 கோடி எண்கள். மொழி மாடல் ஒன்றும் கிளிப்பும் சேர்ந்தே ப்ராம்ப்ட்டைப் படிக்கின்றன.

ஒவ்வொரு புகைப்படத்துக்கும் ஒரு விவரணை எழுத வேண்டும். முதல்முறை அவள் எல்லாவற்றுக்கும் யாளி என்ற ஒரே சொல்லை மட்டும் எழுதிவிட்டாள். இரவெல்லாம் கணினி ஓடியது. காலையில் காட்டில் ஓடும் யாளி என்று கேட்டால், காட்டில் ஓடும் கருங்கல் வந்தது. தும்பிக்கை, தந்தம், பிதுங்கிய கண், சுருண்ட வால் எல்லாம் அச்சு அசல். கூடவே முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு தூணும் ஓடியது. இயந்திரத்தின் மேல் தப்பில்லை. யாளி என்று அவள் காட்டிய இருபதிலும் கல்லும் தூணும் இருந்தன. யாளி என்றால் இதெல்லாம் சேர்ந்ததுதான் என்று அது எடுத்துக்கொண்டது.

விவரணை எழுதுவதன் சூட்சுமம் அங்கேதான் பிடிபட்டது. எதைப் பெயர் சொல்லி எழுதுகிறோமோ அது யாளியிலிருந்து பிரிந்துவிடும், எழுதாமல் விட்டது யாளியோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே கருங்கல் சிற்பம், பின்னால் சதுரத் தூண், இடமிருந்து வெயில், எண்ணெய்ப் பிசுக்கு, கீழே குறுக்கிய யானை, மேலே வீரன் என்று கழிக்க வேண்டியவற்றையெல்லாம் எழுத வேண்டும். தும்பிக்கையையும் தந்தத்தையும் எழுதக் கூடாது. இரண்டு நாள் உட்கார்ந்து அவள் இருபது விவரணைகளை எழுதினாள். எழுதும்போதுதான் பல விஷயங்கள் கண்ணில் பட்டன. தும்பிக்கை யானைக்கு இருப்பதுபோல நெற்றியிலிருந்து இறங்கவில்லை, சிங்க மூக்கின் நுனி நீண்டு தும்பிக்கையாகிறது. பிடரி மயிர் மயிராக இல்லை, சுருள் சுருளான கொடி வேலை. இரண்டு வருடமாக யாளி பற்றி எழுதியவள், வால் நுனியில் என்ன இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தாள்.

இரண்டாவது பயிற்சிக்குப் பிறகு வந்த முதல் படம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஈரத் தோல். சாம்பலும் செம்மண்ணும் கலந்த நிறம். தும்பிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்துக்கொண்டு ஓர் ஓடைக்குப் பக்கத்தில் நின்றது. நாயகி ஏறி உட்காரும் தோரணைக்கு, அவளே பென்சிலில் கோட்டுருவம் வரைந்து, 2023 பிப்ரவரியில் வந்த கன்ட்ரோல்நெட் என்ற துணைக்கருவியில் கொடுத்தாள். சொல்லால் சொல்ல முடியாத கோணத்தைக் கோட்டால் சொல்லிவிடலாம்.

ப்ராம்ப்ட்டில் எந்த ஓவியர் பெயரும் போடக் கூடாது என்று நான் கேட்டுக்கொண்டேன். அவளும் போடவில்லை. சாரா ஆண்டர்சன், கெல்லி மெக்கெர்னன், கார்லா ஓர்டிஸ் என்ற மூன்று ஓவியர்கள் 2023 ஜனவரியிலும், டிஸ்னியும் யுனிவர்சலும் 2025 ஜூனிலும் படம் வரையும் ஏஐ நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டது சட்டத்தின் பாடு. உயிரோடு உழைத்துக்கொண்டிருக்கும் ஒருவரின் பெயரைத் திறவுகோலாக வைத்து அவர் கையைத் திறப்பது தவறு என்று சொல்ல எனக்குத் தீர்ப்பு வரவேண்டியதில்லை. தாரமங்கலத்துச் சிற்பிகளின் பெயர் நமக்குத் தெரியாது. புத்தகத்தில் ஊர்ப் பெயரையும் கோயில் பெயரையும் போட்டு நன்றி சொல்வதாக முடிவு செய்திருக்கிறாள்.

பணம் எதற்குக் கட்டுவது என்று கடைசியில் அவளிடம் சொன்னேன். நிலக்காட்சிக்கும் மனநிலைக்கும் மிட்ஜர்னியில் ஒரு மாதம் கட்டு. கூட்டமான சபைக் காட்சிக்கு, யார் எங்கே நிற்க வேண்டும் என்று வாக்கியமாக எழுதக்கூடிய மொழி மாடல் கருவிக்குப் போ. யாளி உன் வீட்டுக் கணினியிலேயே வளரட்டும்.

ஒரு குறை மட்டும் பாக்கி இருந்தது. தாரமங்கலத்து யாளிக்கு வாய்க்குள் ஒரு கல் உருண்டை உண்டு. அவள் பயிற்சி கொடுத்த யாளி வாயைத் திறந்தபோதெல்லாம் அந்த உருண்டை நாக்கோடு ஒட்டிய கட்டியாகவோ, பளபளக்கும் முத்தாகவோ வந்தது. டிராகன் படங்களில் முத்து வருவது வழக்கம் என்பதால் மாடல் அந்தப் பழைய பாதையில் சறுக்கியிருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் போனோம். இம்முறை டார்ச்சும் கொண்டுபோயிருந்தாள். வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் படம் எடுக்க முயன்றுகொண்டிருந்தபோது, மண்டபத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "விரலை விட்டுத் தள்ளிப் பாரும்மா" என்றார். தள்ளினாள். உருண்டை உருண்டது. கல்லில் கல் உரசும் சத்தம் கேட்டது. யாளியைச் செதுக்கிய அதே பாறையில், பற்களுக்குப் பின்னால் உளியை நுழைத்துக் குடைந்து, வெளியே எடுக்க முடியாதபடி விட்டுவைத்திருக்கிறார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் போனில் புது விவரணை ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். வாய்க்குள் ஒரு கல் உருண்டை, நாக்கைத் தொடவில்லை, எதோடும் ஒட்டவில்லை, பற்களின் இடைவெளியைவிடப் பெரியது, சுற்றிலும் நிழல். தொடவில்லை, ஒட்டவில்லை என்பதை இயந்திரம் படிக்காதே என்று நினைவு வந்து அந்த இரண்டையும் அழித்தாள். அவற்றுக்குப் பதிலாக என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே சேலம் வரை வந்தாள்.